ஹோல்டரில் பொருந்தினால் போதுமா?

வீட்டில் டியூப்லைட் ஃபியூஸ் போனால் என்ன செய்வோம்? அதே நீளத்தில் ஒன்றை வாங்கி வந்து, ஹோல்டரில் மாட்டி, ஒரு திருப்புத் திருப்புவோம். எரிந்தால் வேலை முடிந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள டேனிங் நிலையங்களில் இதே வேலையை இப்படிச் செய்தால், அடுத்து வந்து படுப்பவரின் தோல் வெந்துபோகக்கூடும்.

அந்த நாடுகளில் வெளுத்த தோலைச் செம்பழுப்பாகக் கருக்கிக்கொள்வது அழகு என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கென்றே உள்ளது டேனிங் படுக்கை. அக்ரிலிக் பலகை மேல் படுத்து மூடியை இறக்கினால், மேலும் கீழும் வரிசையாகக் குழல்விளக்குகள் எரியும். 1970களில் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரீட்ரிக் வோல்ஃப் இதைப் பெரும் வணிகமாக்கினார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது அமெரிக்காவுக்கும் பரவியது.

தூள் மாறினால் கதிர் மாறும்

படுக்கைக்குள் இருப்பதும் டியூப்லைட்தான். எல்.இ.டி. வருவதற்கு முன் நம் வீடுகளில் எரிந்த, 38 மி.மீ. விட்டமுள்ள குண்டு டியூப்லைட் நினைவிருக்கிறதா? பல படுக்கைகளில் இருப்பது அதே பருமன்தான். நீளம் நாலடிக்குப் பதில் ஆறடி. திறன் 40 வாட்ஸுக்குப் பதில் 100 அல்லது 160 வாட்ஸ்.

குழாய்க்குள் சிறிதளவு பாதரசம் இருக்கிறது. மின்சாரம் பாயும்போது பாதரச ஆவி முக்கியமாக 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரை உமிழ்கிறது. கண்ணுக்குத் தெரியாத, கிருமிகளையே கொல்லும் கதிர் அது. குழாயின் உட்புறம் பூசிய பாஸ்பர் தூள் அதை உறிஞ்சிக்கொண்டு வேறு அலைநீளத்தில் வெளிவிடுகிறது. வீட்டு டியூப்லைட்டின் தூள் வெள்ளை வெளிச்சம் தருகிறது. டேனிங் குழாயில் ஈயம் கலந்த பேரியம் சிலிக்கேட் போன்ற தூள் இருக்கும். அது 350 நானோமீட்டரை ஒட்டிய யு.வி.ஏ. கதிரை நிறையவும், யு.வி.பி. கதிரைக் கொஞ்சமும் தருகிறது. அவற்றை வெளியே விடும் தனிவகைக் கண்ணாடியும் அதற்குண்டு.

அதே ஆறடிக் குழாயில் வேறு தூளைப் பூசி 311 நானோமீட்டர் கதிரை வரவழைத்தால், அது சோரியாசிஸுக்கும் வெண்புள்ளிக்கும் சிகிச்சை தரும் விளக்கு. நம் ஊர்த் தோல் மருத்துவர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் எத்தனை நொடி என்பதை மருத்துவர் கணக்கிட்டுத் தருவார். பார்வைக்கு இந்தக் குழாய்கள் எல்லாமே ஒன்றுபோல்தான் இருக்கும்.

குழாய் மேல் உள்ள குறியீடு

அதனால்தான் ஐரோப்பாவில் விற்கும் குழாய்களின் மேல் ஒரு குறியீட்டை அச்சிடுகிறார்கள். உதாரணமாக, 100-ஆர்-47/3.2. இதில் 100 என்பது வாட்ஸ். ‘ஆர்’ என்ற எழுத்து, குழாயின் முதுகுப்பக்கம் உள்ளே பூசிய பிரதிபலிப்புப் பூச்சின் வகை. கதிர் எவ்வளவு அகலமாக விரிகிறது என்பதை அது சொல்கிறது. 47 என்பது தோலைச் சிவக்கவைக்கும் திறன். 3.2 என்பது ஒரு விகிதம். தோல் புற்றுநோயைத் தூண்டும் திறனில், 320 நானோமீட்டர் வரையுள்ள அலைகளின் பங்கு அதற்கு மேற்பட்ட அலைகளின் பங்கைப் போல் 3.2 மடங்கு என்று பொருள்.

எந்த வரம்புக்குள் உள்ள குறியீடு பொருந்தும் என்பது படுக்கையிலேயே எழுதியிருக்கும். அதை மீறிய குழாய் மலிவாகக் கிடைத்தாலும், ஹோல்டரில் கச்சிதமாக உட்கார்ந்தாலும் மாட்டக் கூடாது. படுக்கையின் டைமர் பழைய குழாய்க்கென்று கணக்கிட்ட நேரத்தையே ஓட்டும். வரும் கதிரோ வேறாக இருக்கும்.

எரிவதெல்லாம் நல்ல குழாய் அல்ல

பெரும்பாலான குழாய்களின் ஆயுள் 500 முதல் 1,000 மணி நேரம். அதற்குப் பிறகும் நீல ஒளி பளிச்சென்று தெரியும். ஆனால் பாஸ்பர் நலிந்து புற ஊதாக் கதிர் குறைந்திருக்கும். கண்ணால் பார்த்து இதை அறிய முடியாது. மணிக்கணக்கு எழுதி வைக்க வேண்டும், அல்லது யு.வி. மீட்டர் வைத்து அளக்க வேண்டும்.

ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. குழாய் தளரத் தளர, வாடிக்கையாளர் தன்னை அறியாமல் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவார். ஒருநாள் எல்லாக் குழாய்களையும் புதிதாக மாற்றுவார்கள். அவர் வழக்கம்போல அதே நேரம் படுப்பார். அன்று மாலையே முதுகு சிவந்து எரியும். எனவே குழாய் மாற்றிய பிறகு நேரத்தைக் குறைத்துத்தான் தொடங்க வேண்டும்.

சில படுக்கைகளில் முகத்துக்கென்று உயர் அழுத்த விளக்கு தனியாக இருக்கும். அதன் முன்னுள்ள வடிகட்டிக் கண்ணாடியில் சிறு விரிசல் இருந்தாலும் அந்த விளக்கைப் போடவே கூடாது. சில நிமிடங்களிலேயே கண்ணையும் தோலையும் பொசுக்கிவிடும்.

சரியான குழாய் போட்டால் ஆபத்தில்லையா?

இல்லை என்று சொல்ல முடியாது. புற ஊதாக் கதிரால் செல்லின் டி.என்.ஏ. சேதமடைகிறது; அதற்கு எதிர்வினையாகத் தோல் மெலனினைக் கூடுதலாகச் சுரக்கிறது. அழகு என்று காசு கொடுத்து வாங்கும் அந்த நிறம், தோல் அடிபட்டதற்கான தடயம்.

ஐரோப்பிய விதி இந்தப் படுக்கைகளுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 0.3 வாட் என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறது. தோலைச் சிவக்கவைக்கும் திறனைக் கொண்டு கணக்கிட்ட அளவு இது. புற ஊதாக் குறியீட்டெண்ணில் சொன்னால் 12; ஏறக்குறைய நம் சித்திரை மாத உச்சிவெயில். நாம் குடை பிடித்து ஒதுங்கும் அந்த வெயிலை அவர்கள் வெற்றுடம்பில் வாங்கிக்கொள்கிறார்கள்.

2009இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டேனிங் கருவிகளைப் புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பிரிவு அது. அதே ஆண்டு பிரேசில் அழகுக்கான டேனிங்கைத் தடை செய்தது. ஆஸ்திரேலியாவின் மாநிலங்கள் 2016க்குள் வணிக நிலையங்களை மூடின. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் 18 வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதியில்லை.

குறியீடு பார்த்து மாட்டினால் அன்றைய தீக்காயம் தவிரும், டி.என்.ஏ. சேதம் தவிராது. அந்த நாடுகளில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். வைட்டமின் டி குறைவு என்றால் மருத்துவரைப் பார்க்கட்டும். அதற்காக யாரும் அந்தப் படுக்கையில் படுக்க வேண்டாம்.