மூன்று ஆறு கூடும் ஊரில் என்ன சாப்பாடு?

திருநெல்வேலிக்குக் கிழக்கே இருக்கிறது சீவலப்பேரி.

பொதிகை மலையில் பிறந்த தாமிரபரணி இந்த ஊருக்கு வருகிறது. குற்றாலத்தில் அருவியாகக் குதித்த சிற்றாறு இங்கே வந்து அதோடு சேர்கிறது. கயத்தாறுப் பக்கமிருந்து ஓர் ஓடையும் வந்து கலக்கிறது. மூன்றும் கூடுவதால் இந்த இடத்துக்கு முக்கூடல் என்று பெயர். (அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் முக்கூடல் என்று இன்னோர் ஊர் உண்டு. அது வேறு, இது வேறு.)

இதே போல மூன்று ஆறு கூடும் ஊர் ஒன்று ஜெர்மனியில் இருக்கிறது. அதன் பெயர் பாஸாவ். டான்யூப், இன், இல்ஸ் என்ற மூன்று ஆறுகள் அங்கே சேருகின்றன. இன் ஆறு ஆல்ப்ஸ் பனிமலைத் தண்ணீர். அது வெளிறிய பச்சை. இல்ஸ் ஆறு சதுப்பு நிலத்து வழியாக வருகிறது. அது கறுப்பு. கூடும் இடத்தில் மேடேறி நின்றால் மூன்று தண்ணீரும் தனித்தனி நிறமாக ஓடுவதைப் பார்க்கலாம்.

பாஸாவ் படித்துறையில் எப்போதும் கப்பல்கள் நிற்கும். கடல் கப்பல் அல்ல, ஆற்றுக் கப்பல்! ஊர் ஊராக நின்று போகும் உல்லாசக் கப்பல். கோட்டையும் மாதா கோவிலும் பார்க்கத்தான் ஜனங்கள் அதில் ஏறுகிறார்கள். ஆனால் ஊர் திரும்பியதும் அவர்கள் அதிகம் பேசுவது சாப்பாட்டைப் பற்றி!

அந்த ஆற்றில் அப்படி என்ன சாப்பாடு? நம் ஆற்றில் என்ன சாப்பாடு? இரண்டையும் பார்ப்போம்.

மிதக்கும் ஓட்டல்

ஐரோப்பாவின் ஆறுகளில் மதகுப் பூட்டுகள் உண்டு. கப்பலை உள்ளே விட்டுக் கதவை அடைத்து, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அனுப்புவார்கள். பல பூட்டுகளின் அகலம் 12 மீட்டர்தான். ஆகவே கப்பலின் அகலம் சுமார் பதினொன்றரை மீட்டர். நீளம் அதிகம் போனால் 135 மீட்டர். அகலத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு நீளம்! ரயில் பெட்டிகளைத் தண்ணீரில் விட்டது போல இருக்கும்.

பாலங்களும் தாழ்வானவை. பாலம் வரும்போது மேல்தட்டு நாற்காலிகளை மடக்கிவிடுவார்கள். மாலுமி நிற்கும் கூண்டே கீழே இறங்கிவிடும்!

இதில் 200 பேருக்கு உட்பட்ட பிரயாணிகள். பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பந்தி. நம் வீட்டுக் கலியாணத்தில் ஒரு பந்திக்கு 200 இலை போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு குறுகிய சமையலறையில், ஓடும் கப்பலில், மூன்று வேளையும் செய்ய வேண்டும்.

வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வாட்டிய கோழி, வாட்டிய மீன் என்று சில பதார்த்தங்கள் தினமும் தயாராக இருக்கும். ஆனால் பல கப்பல்களில் அன்றைக்கு எந்தக் கரையோ அந்தக் கரைச் சமையலும் ஒன்றிரண்டு இருக்கும். அதுதான் விசேஷம்!

கரைக்குக் கரை ருசி

டான்யூப் நதியின் நீளம் சுமார் 2,850 கிலோ மீட்டர். அது பத்து நாடுகளைத் தொட்டு ஓடுகிறது. நாடு மாறினால் தட்டும் மாறுகிறது.

பாஸாவுக்கு மேலே ரேகன்ஸ்பர்க் என்ற ஊர். அங்கே ஆற்றின் குறுக்கே 12-ம் நூற்றாண்டில் கட்டிய கல் பாலம் இன்னும் நிற்கிறது. பாலத்தடியில் ஒரு பழைய சாசேஜ் கடை. கொத்திய இறைச்சியைக் குடலில் அடைத்துச் சுட்டுத் தருவதுதான் சாசேஜ். எந்த வெள்ளம் எந்த உயரம் வந்தது என்று அந்தக் கடைச் சுவரில் குறித்து வைத்திருக்கிறார்கள். ஆறு சோறும் போடும். அடுப்பையும் அணைக்கும் என்று அந்தக் கடைக்காரர்களுக்குத் தெரியும்!

இந்தப் பவேரியா நாட்டில் வெள்ளை சாசேஜ் என்று ஒன்று உண்டு. அதை மத்தியான மணி அடிப்பதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது பழைய வழக்கம். ஐஸ் பெட்டி இல்லாத காலத்தில் வந்த வழக்கம். இன்றைக்கும் விடவில்லை.

சைவக்காரர் அங்கே பட்டினியா? இல்லை. மாவைப் பிழிந்து கொதிக்கும் தண்ணீரில் விழவைத்து, வெந்ததும் சீஸ் கலந்து, வதக்கிய வெங்காயம் தூவித் தருகிறார்கள். நம் இடியாப்பத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம்.

ஆஸ்திரியாவுக்குள் போனால் வாகாவ் பள்ளத்தாக்கு. அங்கே ஆப்ரிகாட் பழத் தோட்டங்கள் ஏராளம். முழுப் பழத்தை மாவுக்குள் வைத்து உருட்டி, வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித் தூளில் புரட்டுகிறார்கள். மேலே சர்க்கரை. கொழுக்கட்டையேதான்! பூரணத்துக்குப் பதில் பழம்.

அடுத்து வியன்னா நகரம். மாவை மேஜை மேல் இழுத்து இழுத்து மெல்லிசாக்கி, ஆப்பிள் வைத்துச் சுருட்டிச் சுடும் பலகாரம் அங்கே பிரசித்தம். மாவுக்கு அடியில் பத்திரிகையை வைத்தால் எழுத்தைப் படிக்க வேண்டுமாம். அதுதான் கைப்பக்குவத்துக்குப் பரீட்சை. காப்பி கேட்டால் கூடவே ஒரு டம்ளர் தண்ணீரும் வரும். இந்த ஒரு மரியாதையிலேயே வியன்னாக்காரர் நமக்கு நெருங்கிவிடுகிறார்.

பிறகு ஹங்கேரி. மாட்டிடையர்கள் வெட்டவெளியில் கொப்பரை வைத்துக் காய்ச்சிய இறைச்சிச் சாறுதான் அங்கே கொலாஷ். அந்தச் சொல்லுக்கே மாட்டிடையன் என்று அர்த்தம். செம்படவர்கள் ஆற்று மீனில் காய்ச்சும் குழம்பும் உண்டு. இரண்டும் செக்கச் செவேல் என்று இருக்கும். காரணம் மிளகாய்ப் பொடி!

அந்த மிளகாய் ஹங்கேரியில் பிறந்ததா? இல்லை. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது. துருக்கியர் வழியாக ஹங்கேரிக்குப் போயிற்று. போர்த்துக்கீசியர் கப்பலில் நம் நாட்டுக்கு வந்தது. இன்றைக்கு அங்கே கொலாஷும் இங்கே மீன் குழம்பும் அந்த ஒரே செடியை நம்பி இருக்கின்றன!

நம் ஆற்றுக்குக் கப்பல் ஏது?

கங்கையில் இப்படி ஒரு கப்பல் உண்டு. 2023 ஜனவரியில் காசியிலிருந்து அஸ்ஸாமில் உள்ள திப்ருகர் வரை 51 நாள் பயணமாக அது புறப்பட்டது. முதல் பயணத்தில் சுவிட்சர்லாந்துக்காரர்கள் 32 பேர் போனார்கள்.

தாமிரபரணியில் அது நடக்காது. நீளம் 128 கிலோ மீட்டர்தான். வழியில் பாறை. குறுக்கே எட்டு அணைக்கட்டு. கோடையில் பல இடத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தே கடக்கலாம்.

ஆனால் கரைக்குக் கரை ருசி மாறுவதில் நம் ஆறு டான்யூபுக்குச் சளைத்ததல்ல. பஸ் போதும், கப்பல் வேண்டாம்!

மலையில் காணி மக்கள். அவர்களுக்குத் தேனும் கிழங்கும். மலையிறங்கினால் அம்பாசமுத்திரம். அங்குள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த அம்பை 16 என்ற குண்டரிசி எத்தனையோ வீடுகளில் இட்லியாகிறது. பக்கத்தில் கல்லிடைக்குறிச்சி. அங்கே அப்பளம். உளுந்து எங்கேயும் கிடைக்கும்; ஆனால் இந்த ஆற்றுத் தண்ணீரில் பிசைந்தால்தான் இந்த ருசி என்பது ஊர்க்காரர்களின் கட்சி.

திருநெல்வேலிக்கு வந்தால் சொதி. தேங்காய்ப் பாலும் பாசிப்பருப்பும் காய்கறியும் சேர்ந்த குழம்பு. கலியாணம் முடிந்து மாப்பிள்ளைக்கு மறுவீட்டு விருந்து என்றால் சொதிதான். தேங்காய்ப் பால் மந்தம் என்பதால் கூடவே இஞ்சிப் பச்சடி. கறுப்பு உளுந்தோடு அரிசியும் தேங்காயும் பூண்டும் போட்டு உளுந்தஞ்சோறு. அதற்கு எள்ளுத் துவையல். பருவமடைந்த பெண்ணுக்கு இடுப்பு வலுவாகட்டும் என்று பாட்டிமார் இதைச் செய்து போடுவார்கள்.

அல்வாவைச் சொல்லாமல் விடலாமா? கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிண்டுவது. இதில் ஒரு வேடிக்கை. தாமிரபரணிக் கரையில் வாழையும் நெல்லும் விளையும், கோதுமை விளையாது! கோதுமையும் வெளியூர். அல்வாவைக் கொண்டுவந்தவர்களும் வடக்கேயிருந்து வந்தவர்கள் என்பார்கள். ஹங்கேரிக்கு மிளகாய் வந்த கதைதான் இங்கே கோதுமை வந்த கதை.

சீவலப்பேரித் தண்ணீர்

இப்போது நம் முக்கூடலுக்கு வந்துவிட்டோம்.

முக்கூடற் பள்ளு என்ற நூல் பாடுவது இந்த ஊரைத்தான். ஒரு பள்ளன், அவனுக்கு இரண்டு மனைவிகள். ஒருத்தி முக்கூடல்காரி, இன்னொருத்தி மருதூர்க்காரி. அவர்கள் சண்டைக்கு நடுவே நெல் வகைகளும் மீன் வகைகளும் மாட்டு வகைகளும் வரிசை வரிசையாக வரும். அந்த நெல்லில் எத்தனை இன்று வயலில் இருக்கிறது? பெயரைச் சொன்னால் தெரியாது என்று தலையாட்டுகிறவர்கள்தான் அதிகம்.

ஊரில் சுடலைமாடன் கோவில் பெயர்பெற்றது. கொடை என்றால் கிடா வெட்டு, பொங்கல், படைப்பு. சொந்தக்காரர் எந்த ஊரில் இருந்தாலும் வந்துவிடுவார்கள்.

சீவலப்பேரியின் பெயர் போட்ட பலகாரம் எதுவும் கடையில் இல்லை. ஆனால் சீவலப்பேரித் தண்ணீரைத் தின்னாதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு! எப்படி என்கிறீர்களா?

இங்கே ஆற்றில் எடுக்கும் தண்ணீர் குழாய் வழியாகக் கோவில்பட்டிக்குப் போகிறது. கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாய். அதற்கு 2020-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது அந்தப் பெயரை வேறு ஊர்ச் சரக்குக்குப் போடக்கூடாது. கரிசல் மண் கடலை, வெல்லப் பாகு, இவற்றோடு தாமிரபரணித் தண்ணீரும் அதன் ருசிக்குக் காரணம் என்று சொல்லித்தான் அந்த உரிமையைக் கேட்டார்கள்!

அந்தத் தண்ணீர் எப்படி இருக்கிறது? இங்கேதான் கசப்பு. சீவலப்பேரிக்கு மேலே திருநெல்வேலி நகரம். நகரத்துச் சாக்கடை ஆற்றில் விழுகிறது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கு நடந்தது. 2024 நவம்பரில் நீதிபதிகளே கரைக்கு வந்து நேரில் பார்த்தார்கள்.

ஐரோப்பாவிலும் இந்தக் கதை உண்டு. ரைன் நதியில் ஒரு காலத்தில் சால்மன் மீன் கூட்டம் கூட்டமாக ஏறி வரும். அணை கட்டினார்கள்; ஆலைக் கழிவை விட்டார்கள்; மீன் அற்றுப்போயிற்று. 1986 நவம்பர் 1-ம் தேதி பாசல் நகருக்குப் பக்கத்தில் ஒரு ரசாயனக் கிடங்கு தீப்பிடித்தது. தீயணைத்த தண்ணீர் பூச்சி மருந்தோடு ரைனில் ஓடியது. விலாங்கு மீன்கள் குவியல் குவியலாகச் செத்து மிதந்தன. அதன் பிறகுதான் கரையோர நாடுகள் விழித்துக்கொண்டன. கழிவை நிறுத்தினார்கள். மீன் ஏற அணைகளில் படி வைத்தார்கள். இப்போது சில கிளை ஆறுகளில் சால்மன் மறுபடி முட்டையிடுகிறது. ஆனால் பிடித்துச் சமைக்கும் அளவுக்கு இன்னும் பெருகவில்லை. கெடுத்தது சீக்கிரம், திருப்பிக் கொண்டுவருவதுதான் வெகு நாள் வேலை.

கடலை நோக்கி

சீவலப்பேரிக்குக் கீழே மருதூர் அணை, ஸ்ரீவைகுண்டம் அணை. இரு பக்கமும் வாழை. பக்கத்தில் சிவகளை. அங்கே தோண்டி எடுத்த முதுமக்கள் தாழி ஒன்றில் நெல் இருந்தது. அது 3,200 ஆண்டு பழையது என்று 2021-ல் அரசு அறிவித்தது. செத்தவருக்கும் நெல் வைத்து அனுப்பிய கரை இது!

இன்னும் கீழே ஆத்தூர். சாப்பிட்ட பிறகு போட வெற்றிலை. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்புறம் புன்னைக்காயல். அங்கே ஆறு கடலில் கலக்கிறது. சமையல் கடல் மீனுக்கு மாறிவிடுகிறது.

தண்ணீர் குறைந்தால் ஐரோப்பாவில் கப்பல் நின்றுவிடும். 2018-லும் 2022-லும் அப்படி நின்று, பிரயாணிகளைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். தண்ணீர் மிஞ்சினாலும் கஷ்டம்தான். 2013 ஜூனில் பாஸாவில் 12.89 மீட்டர் உயரம் வெள்ளம் வந்தது. 500 ஆண்டில் அவ்வளவு வந்ததில்லை.

நம் ஆற்றில் 2023 டிசம்பர் 17, 18-ம் தேதிகளில் வந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை. ரயிலில் சுமார் 800 பேர். குழந்தைகள், முதியவர்கள். சுற்றிலும் தண்ணீர். ஹெலிகாப்டர் வந்து சேருவதற்கு முன்னே பக்கத்தில் உள்ள புதுக்குடி ஊர் ஜனங்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் ஊரையும் வெள்ளம் சூழ்ந்துதான் இருந்தது. வீட்டில் இருந்த அரிசியைக் கொண்டுவந்து உலை வைத்தார்கள். முன்பின் தெரியாத அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டார்கள்.