பேட்டரி காட்டும் வோல்ட்டை நம்பலாமா?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இராமநாதபுரம், இராமேசுவரம் கடலோரக் கிராமங்களில் மின்தடை ஏற்படும்போது இன்வெர்ட்டர் பேட்டரியே கைகொடுக்கிறது. ஆனால் முழு சார்ஜ் காட்டிய பேட்டரி, மின்விசிறி ஓடியதும் காலி எனக் காட்டுவதுண்டு. அதற்காக உடனே புதிய பேட்டரி வாங்கிப் பணத்தை விரயம் செய்ய வேண்டியதில்லை.

சார்ஜ் ஏறும்போது வோல்ட் கூடுதலாகவும், மின்சாரம் எடுக்கும்போது குறைவாகவும் காட்டுவது இயல்பு. உண்மையான இருப்பை அறிய, இணைப்பைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். 12 வோல்ட் ஈய-அமில பேட்டரியில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் முழு இருப்பு; 12.2 என்றால் சுமார் பாதி, 11.9 என்றால் ஏறக்குறையக் காலி.

இருப்பு சரியாக இருந்தும் கோளாறு நீடித்தால், மீண்டும் இணைத்து, விசிறி ஓடும்போது ஈய முனைகளில் ஒரு முறையும், கிளாம்புகளில் ஒரு முறையும் அளக்கவும். கிளாம்பில் அளவு குறைந்தால், அங்கே பூத்த வெள்ளை, பச்சைப் படிவு காரணமாக இருக்கலாம். இன்வெர்ட்டரை நிறுத்தி, கிளாம்பைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்தபின் இறுக்கி, வாசலைன் தடவவும். சோடா நீர் பேட்டரிக்குள் போகக்கூடாது. ஈய முனைகளிலேயே அளவு வெகுவாகக் குறைந்தால் மட்டும் பேட்டரியை மாற்றலாம்.

கிணற்று உவர்நீர் தகடுகளைக் கெடுக்கும். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுவது நல்லது.