சூப்பர் கெபாசிட்டர் வாங்குமுன்

2024ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் தேதி இரவு, மணலித் துணைமின் நிலையத்தில் தீப்பற்றிச் சென்னையின் பல பகுதிகள் இருளில் மூழ்கியபோது, மொட்டைமாடியில் சோலார் தகடு பதித்து மின்வாரியக் கம்பியோடு இணைத்துவிட்டுப் பேட்டரி வைத்துக்கொள்ளாத வீடுகளுக்கு அந்தத் தகடுகளால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. இரவில் சூரியன் ஏது என்று கேட்கலாம். நடுப்பகலில் மின்சாரம் நின்றாலும் இதே கதிதான். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் தொழிலாளியின் மீது வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடாதிருக்கும் பொருட்டு, மின்தடை நேர்ந்த கணமே இன்வெர்ட்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் 78,000 ரூபாய் வரை மானியம் அளிப்பதும் இத்தகைய இணைப்புக்கே. பேட்டரி வேண்டுவோர் அதைத் தம் சொந்தச் செலவில்தான் வாங்கவேண்டும்.

அப்படி வாங்கப் புறப்படும் வடசென்னை இராயபுரத்துக் குடும்பஸ்தரின் காதில் இப்போது விழும் புதிய பெயர் சூப்பர் கெபாசிட்டர். பேட்டரி தன் சக்தியை ரசாயன மாற்றத்தின் மூலம் சேமிக்கிறது. இதுவோ நுண்துளைகள் நிறைந்த கரியின் பரப்பிலே மின்னூட்டத்தை அப்படியே நிறுத்திவைக்கிறது. ரசாயனத் தேய்மானம் சொற்பமாதலால் லட்சக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம்; ஏற்றுவதும் இறக்குவதும் சில விநாடிகளில் முடியும். ஷாங்காய் நகரில் 2006ஆம் ஆண்டிலேயே, ஒவ்வொரு நிறுத்தத்திலும் சற்று நேரம் மின்னேற்றிக்கொண்டு அடுத்த நிறுத்தத்துக்கு ஓடும் பேருந்துகளை இதன் பலத்தில் விட்டுப் பார்த்தார்கள். அடுத்த நிறுத்தம் வரைதான் என்பதைக் கவனிக்கவேண்டும்.

வீட்டில் இதன் உபயோகம் என்ன? தண்ணீர் மோட்டாரும் குளிர்சாதனப் பெட்டியும் புறப்படும் அந்தக் கணத்தில், சாதாரணமாக எடுக்கும் மின்னோட்டத்தைப் போல் ஐந்தாறு மடங்கு இழுக்கின்றன. ஈய பேட்டரியின் வோல்டேஜ் சட்டென்று தாழ, இன்வெர்ட்டர் முரண்டு பிடித்து நின்றுவிடுகிறது. பேட்டரியின் பக்கத்தில் சூப்பர் கெபாசிட்டர் இருந்தால், அந்த ஒரு கணத்துப் பாரத்தை அது தாங்கிக்கொள்ளும். ஆகவே அது துறைமுக வாசலில் நிற்கும் சுமைதூக்கியே அன்றிக் கிடங்கு அன்று.

அதைக் கிடங்கு என்று சொல்லி விற்பதிலேதான் முதல் அபாயம் இருக்கிறது. 3,000 ஃபாரட், 2.7 வோல்ட் அளவுள்ள ஓர் உருளையை எடுத்துக்கொள்வோம்; அதன் எடை அரைக்கிலோ. அதில் அடங்கும் சக்தி ஏறத்தாழ 3 வாட்-மணி. 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றை இருபது நிமிஷம் எரிக்கும், அவ்வளவே. நம் வீடுகளில் இருக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியின் பெயரளவுக் கொள்ளளவு 1,800 வாட்-மணி. அதற்கு ஈடு செய்ய இத்தகைய உருளைகள் 590க்கு மேல் வேண்டும்; எடை 300 கிலோவை எட்டும். ஆகையால், பேட்டரியே வேண்டாம், இருபது கிலோப் பெட்டி ஒன்றே இரவு முழுதும் வீட்டை நடத்தும் என்று ஒருவர் சொன்னால், உள்ளே இருப்பது வேறொரு ரகமான லித்தியம் பேட்டரியாக இருக்கலாம், அல்லது சொன்ன கணக்குப் பொய்யாக இருக்கலாம். தராசு ஒன்றே இதற்குப் போதிய பரீட்சை.

என் அபிப்பிராயத்தில், விளக்கு, மின்விசிறி, ஒரு குளிர்சாதனப் பெட்டி என்ற அளவில் வாழும் வீட்டுக்குச் சூப்பர் கெபாசிட்டர் அவசியமில்லை. தகுந்த அளவுள்ள இன்வெர்ட்டரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியும் போதும். ஈய பேட்டரியைக் கொண்டே மோட்டார் ஓட்டத் துணிந்தவர் மட்டும் யோசிக்கலாம்.

துணிந்தவர் சிலவற்றை அறிந்திருக்கவேண்டும். காலியான சூப்பர் கெபாசிட்டரை நிறைந்த பேட்டரியோடு நேரே இணைத்தால், அது ஏறக்குறைய ஷார்ட் சர்க்யூட்டே ஆகும். ஒரு ரெசிஸ்டரின் வழியே மெல்ல ஏற்றிய பிறகே இணைக்கவேண்டும். பல உருளைகளைத் தொடராகக் கோக்கும்போது ஒவ்வொன்றின் வோல்டேஜையும் சமன்செய்யும் சுற்று இல்லாவிடில், ஒன்று வரம்பு மீறிக் கெடும். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் உதிரியாக வாங்கிக் கோத்துப் பார்க்கும் ஆர்வலர்கள் தடுமாறுவது இங்கேதான். ஸ்பானர் ஒன்று இரு முனைகளிலும் பட்டுவிட்டால் உலோகமே உருகும். வெப்பம் 10 டிகிரி கூடுந்தோறும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறைவதால், தகரக் கூரையின்கீழ் வைப்பது வீண். உப்புக் காற்றோ முனைகளை அரிக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணெய் கலந்த வெள்ளம் வடசென்னையின் எர்ணாவூர் வீடுகளுக்குள் புகுந்ததை நினைவில் வைத்து, தரையில் வைக்காமல் உயரமான பலகையில் பொருத்துவது உசிதம். மெயின் சுவிட்சை அணைத்தாலும் மின்னூட்டம் உள்ளேயே இருக்கும்.

ஏமாற்றப்பட்டவருக்குப் பரிகாரம் உண்டு. அதற்கு ஆதாரம் ரசீது. வாட்-மணி, வோல்டேஜ், உள்ளிருக்கும் செல்லின் வகை, எடை, உத்தரவாதக் காலம் ஆகியவற்றை ரசீதில் எழுதித் தரும்படி வாங்கும்போதே கேட்கவேண்டும். எழுத மறுக்கும் கடையில் வாங்காதிருப்பதே மேல். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பழுதுள்ள சாதனத்தால் தீயோ காயமோ நேர்ந்தால் தயாரித்தவரிடமும், சூழ்நிலைக்கேற்ப விற்றவரிடமும் நஷ்டஈடு கோரலாம். பொய் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். முதலில் விற்றவருக்கு எழுத்து மூலம் அறிவித்து, பயனில்லையெனில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முறையிட்டு, அதுவும் பலிக்காவிட்டால் தாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்யவேண்டும். கொடுத்த விலை 5 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணமில்லை. வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்பதும் இல்லை.

புதியது வந்ததும் பழைய பேட்டரியைக் காயலான் கடையில் கிலோ விலைக்குப் போடுவது நம் பகுதியில் வெகுகாலப் பழக்கம். அங்கே உடைபடும் ஈயம் மண்ணிலும் குழந்தைகளின் ரத்தத்திலும் போய்ச் சேருகிறது. 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீதும், குப்பையோடு கலக்காமல் உரியவரிடம் ஒப்படைக்கும் கடமையை நம் மீதும் சுமத்தியிருக்கின்றன. சூப்பர் கெபாசிட்டரைக் கழிப்பதாயின், அதன் மின்னூட்டத்தை எலக்ட்ரீஷியன் ஒருவர் ரெசிஸ்டர் வழியே வடித்து, மீட்டர் சுழியைக் காட்டியபின், மீண்டும் ஊட்டம் தேறாதபடி இரு முனைகளையும் ஒரு கம்பியால் சேர்த்துக் கட்டிக் கொடுப்பதே முறை.