மாடிப்படிக்கு ஒரு கம்பளம்

பெங்களூரில் எங்கள் இல்லத்தைக் கட்டி முடித்தபோது மாடிப்படிகளுக்கு லேமினேட் பலகைகளைத் தேர்ந்தெடுத்தோம். தேக்கு மரத்தின் தோற்றம், அதைவிட மிகக் குறைந்த விலை, ஒருமுறை துடைத்தால் பளபளப்பு. வந்தவர் அனைவரும் பாராட்டினர். ஏழு ஆண்டுகள் கழித்து, ஒரு டிசம்பர் மாத விடியற்காலையில், குளிருக்காகக் காலுறை அணிந்திருந்த எங்கள் தாயார் மாடியிலுள்ள பூசையறையிலிருந்து இறங்குகையில் மூன்றாம் படியில் வழுக்கி விழுந்தார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டதால் தலை தப்பியது. இடக்கை மணிக்கட்டு முறிந்தது.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் அவர் மாடிப்படியில் கால் வைக்க அஞ்சினார். பூசையறையைக் கீழ்த்தளத்திற்கு மாற்றிவிடலாம் என்று ஆறுதல் கூறினோம். “அப்படியானால் இந்த வீட்டில் பாதி இனி எனக்கில்லை என்கிறீர்களா?” என்று அவர் கேட்டபோது எங்களிடம் விடை இல்லை. கடன் கோரி வருவோரின் ஆவணங்களில் இடர் எங்கே இருக்கிறது என்று தேடுவது எங்கள் அன்றாடப் பணி. நாள்தோறும் ஏறி இறங்கிய படியில் இருந்த இடரைக் காணத் தவறியிருந்தோம்.

லேமினேட் என்பது, அழுத்திச் செறிவூட்டிய மரநார்ப் பலகையின்மீது மரத்தின் படம் அச்சிட்ட தாளை ஒட்டி, அதன்மேல் கடினமான பூச்சு இட்ட பொருள். அந்தப் பூச்சு கீறலைத் தாங்கும். காலுறைக்கோ ஈரப் பாதத்திற்கோ போதிய பிடிப்பைத் தராது. இணைப்புகளின் வழியே நீர் இறங்கினால் உள்ளிருக்கும் பலகை உப்பிவிடும். படியின் விளிம்பில் தனியே பொருத்தப்படும் பட்டையும் காலப்போக்கில் தளரக்கூடும். விபத்திற்குப் பின் சோதித்தபோது, மூன்றாம் படியின் விளிம்புப் பட்டை அசைவதைக் கண்டோம். முதலில் வழுக்காத ஒட்டுப்பட்டைகளை ஒட்டிப் பார்த்தோம். சில வாரங்களில் அவற்றின் ஓரங்கள் பெயர்ந்து, காலை இடறும் புதிய தொல்லையாயின. அதன்பிறகே லேமினேட்டை அகற்றிவிட்டுக் கம்பளம் பதிப்பதென முடிவு செய்தோம்.

கடைக்குச் சென்றால் கை தானாகவே மென்மையான, தடித்த கம்பளத்தை நாடும். படிகளுக்கு அது பொருந்தாது. இழைகள் குட்டையாகவும் நெருக்கமாகவும் இருக்கவேண்டும். நீண்ட இழை படியின் விளிம்பை மறைத்துக் காலை ஏமாற்றும். அடிவிரிப்பும் மெல்லியதாக, உறுதியாக இருத்தல் நலம். ஒவ்வொரு படியின் விளிம்பும் முதியோர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியவேண்டுமாதலால், அடர்ந்த பூவேலைப்பாட்டைத் தவிர்த்து ஒரே வண்ணத்தைத் தேர்ந்தோம்.

லேமினேட்டின் மேலேயே கம்பளத்தை ஒட்டிவிடலாம் என்று சிலர் யோசனை கூறுவர். தளர்ந்த பலகைமேல் பதித்த கம்பளம் பலகையோடு சேர்ந்து நகரும். பலகைகளையும் பழைய பசையையும் முற்றிலும் நீக்கி, அடியிலுள்ள கான்கிரீட்டைச் சமன்செய்த பிறகே பணியைத் தொடங்கவேண்டும். கம்பளம் விளிம்பைச் சுற்றி இறுகப் படிந்திருத்தல் இன்றியமையாதது. மேற்படி, கீழ்ப்படி ஆகியவற்றின் உயரம் பிற படிகளோடு ஒத்திருக்கிறதா என்று அளந்து பார்க்கவேண்டும். குடியிருப்புகளில் ஒரு படியின் உயரம் 190 மி.மீ.க்கு மிகாமலும், கால் வைக்கும் தளம் 250 மி.மீ.க்குக் குறையாமலும் இருக்கவேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறும் அளவு.

இனிக் கணக்கு. 250 மி.மீ. தளமும் 180 மி.மீ. உயரமும் கொண்ட படி ஒன்றுக்கு 430 மி.மீ. நீளக் கம்பளம் தேவை. 15 படிகளுக்கு 6.45 மீட்டர்; அகலம் 0.9 மீட்டர் எனில் பரப்பு ஏறத்தாழ 5.8 சதுர மீட்டர், அதாவது சுமார் 62 சதுர அடி. விளிம்பு மடிப்புக்கும் வெட்டுச் சேதத்திற்கும் பத்து விழுக்காடு கூட்டினால் 70 சதுர அடிக்குள் அடங்கும். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு குறைந்தது இருவரிடம் எழுத்துமூலம் விலைப்புள்ளி பெறுங்கள். பழைய பலகையை அகற்றும் கூலி, அடிவிரிப்பு, சரக்கு மற்றும் சேவை வரி ஆகியவை அதில் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கட்டும். முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுத்துவிடாதீர்கள். பணி முடிந்து, ஒவ்வொரு படியிலும் ஏறி இறங்கிப் பார்த்தபின் எஞ்சியதைச் செலுத்துங்கள். இத்தகைய சிறு செலவுக்குக் கடன் அட்டை நிலுவையை நாடுவதைவிட, சில மாதங்களுக்கு ஒரு தொடர் வைப்புக் கணக்கில் சேமிப்பதே சிறந்தது. வங்கிப் பணியில் இருந்துகொண்டே இதைச் சொல்கிறோம்.

கம்பளம் எல்லா வீட்டிற்கும் ஏற்றதன்று. மழைச்சாரல் விழும் படிகளுக்கும், தூசு ஒவ்வாமை உள்ளோர் வாழும் இல்லங்களுக்கும் வேறு வழி தேடுவதே நன்று. ஈரத்துணியால் துடைக்கும் வழக்கத்தை விட்டு, வாரம் இருமுறையேனும் வாக்யூம் கிளீனரால் தூசு அகற்றவேண்டும். எந்தத் தளமானாலும் உறுதியான கைப்பிடியும், மேலும் கீழும் இயக்கத்தக்க விளக்கும் கட்டாயம் தேவை. இவ்விரண்டையும் அப்போதே சரிசெய்துகொண்டோம்.

பணி முடிந்த மறுநாள், தாயார் வெறுங்காலுடன் முதல் படியில் நின்று, பாதத்தால் கம்பளத்தை இருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு கைப்பிடியைப் பற்றியபடி மெல்ல ஏறினார். சற்று நேரத்தில் மாடியிலிருந்து பூசை மணியோசை கேட்டது.