மரத்துப்போகும் கைகள்: எந்த விரல், எப்போது, எப்படி?

கை மரத்துப்போவது தனியொரு நோயல்ல. விரல் நுனியிலிருந்து மூளை வரை செல்லும் நரம்புப் பாதையில் எங்கோ ஓரிடத்தில் தடங்கல் இருப்பதன் அடையாளம் அது. மதமதப்பு, விறைப்பு, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, ஊசி குத்துவது போன்ற உணர்வு என்று அது பலவிதமாகத் தெரியும். தடங்கல் மணிக்கட்டில் இருக்கலாம். முழங்கையிலோ கழுத்திலோ மூளையிலோகூட இருக்கலாம். எந்த விரல் மரத்தது, எப்போது மரத்தது, மெல்ல வந்ததா திடீரென வந்ததா என்ற மூன்று கேள்விகளுக்குச் சரியான பதில் கிடைத்தால் பாதி நோயறிதல் முடிந்துவிடும்.

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் இந்தத் தொல்லைக்குக் குளிரின்மேல் பழிபோடுவது எளிது. மார்கழி, தை மாதக் காலைகளில் பனியில் நனைந்த செடிகளுக்கு நடுவே நிற்பவரின் விரல்கள் மரத்துப்போவது இயல்புதான். குளிரால் வரும் மரப்பு இரண்டு கைகளிலும் எல்லா விரல்களிலும் இருக்கும். அடுப்பருகே கையைக் காட்டினால் சற்று நேரத்தில் விலகிவிடும். சிலருக்கு மட்டும் குளிர் பட்டதும் விரல்கள் கோடு கிழித்தாற்போல் வெளுத்து, பிறகு நீலம் பாய்ந்து, சூடு ஏறியதும் சிவக்கும். ரத்தக் குழாய்கள் அளவுமீறிச் சுருங்குவதே காரணம். மரம் அறுக்கும் இயந்திர ரம்பம், புல்வெட்டும் இயந்திரம் போன்ற அதிரும் கருவிகளைப் பல ஆண்டுகள் பிடித்தவர்களுக்கும் இது வரும். கையுறை அணிவது, வேலையை ஆள் மாற்றிச் செய்வது, புகைப்பதை நிறுத்துவது ஆகியவை பலன் தரும். வெயில் ஏறிய பிறகும் நீங்காத மரப்புக்குக் காரணம் குளிர் அல்ல.

கைக்கு உணர்வு தருபவை மூன்று நரம்புகள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் ஒரு பாதி ஆகியவற்றின் உள்பக்கம் மீடியன் நரம்பைச் சேர்ந்தது. சுண்டு விரலும் மோதிர விரலின் மறுபாதியும் அல்நார் நரம்பைச் சேர்ந்தவை. புறங்கையில் கட்டைவிரல் பக்கம் ரேடியல் நரம்பின் பகுதி. எந்த விரல் என்று சரியாகச் சொல்லத் தெரிந்தாலே தடங்கல் எந்த நரம்பில் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மணிக்கட்டின் குறுகிய வழி

மிகப் பரவலான காரணம் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம். மணிக்கட்டில் 8 சிறு எலும்புகளுக்கும் மேலே மூடியிருக்கும் தடித்த தசைநாருக்கும் இடையே ஒரு குறுகிய வழி உண்டு. அதன் வழியே 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் நெருக்கியடித்துச் செல்கின்றன. உள்ளே சற்று வீங்கினாலும் நசுங்குவது நரம்புதான்.

ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலையில் 1820களிலிருந்து காப்பி பயிராகிறது. அதன் பறிப்புக் காலத்தில் பழுத்த பழங்களை மட்டும் தேர்ந்து, விரல்களால் கிள்ளி எடுக்க வேண்டும். அறுவடை முடிந்தால் கிளைகளை வெட்டிச் சீராக்கும் கவாத்து. மணிக்கட்டை வளைத்தபடி அழுத்திப் பிடிக்கும் இத்தகைய வேலைகள் மணிக்கட்டு நரம்புக்குச் சுமை. பெண்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். கர்ப்பம், தைராய்டு குறைபாடு, சர்க்கரை நோய், மூட்டுவாதம், உடல் பருமன் ஆகியவையும் இதற்கு வழிவகுக்கும்.

நடுராத்திரியில் கை மரத்து விழிப்பு வருவதும், கையை உதறினால் சரியாவதும் இதன் தனி அடையாளம். இரண்டு புறங்கைகளையும் ஒட்டவைத்து, விரல்கள் கீழ்நோக்கியிருக்க ஒரு நிமிடம் பிடித்தால் மரப்பு வருகிறதா என்று மருத்துவர் பார்ப்பார். தேவைப்பட்டால் நரம்பில் மின்துடிப்பு செல்லும் வேகத்தை அளக்கும் சோதனை செய்யப்படும்.

தொடக்கத்தில், மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையை இரவில் சில வாரங்கள் அணிந்தாலே பலருக்குக் குணம் தெரியும். அடுத்த கட்டம் ஸ்டீராய்டு ஊசி. அதற்கும் அடங்காவிட்டால் மேலே மூடியிருக்கும் தசைநாரை வெட்டி நரம்புக்கு இடம்கொடுக்கும் சிறு அறுவை சிகிச்சை. அந்த இடத்தை மட்டும் மரக்கச்செய்து முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கட்டைவிரலின் அடிச்சதை வற்றத் தொடங்கிவிட்டால் தள்ளிப்போடக் கூடாது. சேதமடைந்த நரம்பு வளர்வது நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான்.

முழங்கை முதல் கழுத்து வரை

சுண்டு விரல் பக்கம் மட்டும் மரத்தால் முழங்கையைப் பார்க்க வேண்டும். முழங்கையில் இடித்துக்கொள்ளும்போது மின்சாரம் பாய்வது போல் தெறிப்பது அல்நார் நரம்பு. முழங்கையை நெடுநேரம் மடக்கி வைத்திருப்பதும், அதன்மேல் சாய்ந்து உட்காருவதும் அதை நசுக்கும். கழுத்து வலியோடு தோளிலிருந்து விரல் வரை மரப்பு இறங்கினால் கழுத்து முள்ளெலும்புகளுக்கிடையே நரம்பின் வேர் அழுந்துகிறது எனலாம். அதோடு நடையும் தடுமாறினால் தண்டுவடமே அழுந்தியிருக்கக்கூடும். உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இரண்டு கைகளும் கையுறை போட்டது போல் மரத்தால் காரணம் உடல் முழுவதையும் சார்ந்தது. சர்க்கரை நோயில் மரப்பு பாதத்தில் தொடங்கிப் பிறகே கைக்கு வரும். சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்கும், சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிடுபவர்களுக்கும் வைட்டமின் பி12 குறைந்து மரப்பு வரலாம். நீண்டநாள் குடிப்பழக்கமும் நரம்பை அரிக்கும். ரத்தத்தில் சர்க்கரை, பி12, தைராய்டு அளவுகளைப் பார்த்தால் இவற்றில் பல வெளிப்பட்டுவிடும். காரணம் தெரியாமல் கடையில் சத்து மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது தீர்வல்ல. நசுங்கிய நரம்பை மாத்திரை விடுவிக்காது. பி6 அளவுமீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

திடீரென ஒரு பக்கக் கை மரத்து, முகம் கோணி, பேச்சு குழறினால் அது பக்கவாதம். ரத்தக்கட்டி அடைத்து வந்ததானால், அதைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்க வேண்டிய மலைவாசிகளுக்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். கைவைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

வலிக்காத கை

தோலில் வெளிறிய தேமல் இருந்து, அந்த இடத்தில் சூடும் தொடுதலும் தெரியாவிட்டால் தொழுநோயா என்று சோதிக்க வேண்டும். அதன் கிருமி பெரும்பாலும் முழங்கைக்கு மேலே அல்நார் நரம்பைத் தாக்கித் தடிக்கச்செய்யும். முதலில் சுண்டு விரல் மரக்கும். பிறகு விரல்கள் மடங்கும். கூட்டு மருந்துகள் அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். 6 அல்லது 12 மாதங்கள் விடாமல் சாப்பிட்டால் கிருமி ஒழிந்துவிடும். இழந்த உணர்வு திரும்புவது உறுதியில்லை என்பதால் முந்திக்கொள்வது அவசியம்.

மரத்த கை ஏன் சிதைகிறது என்பதை உலகுக்கு விளக்கியவர் சேர்வராயன் மலைக்குத் தெற்கே கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் எலும்பு அறுவை மருத்துவராக இருந்த அவர், செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் மடங்கிய கையைப் பிடித்தபோது, அந்தக் கையின் பிடி தம் கையை நோகடிக்கும் அளவுக்கு வலுவாக இருப்பதைக் கண்டார். வலுவுள்ள தசைகளின் நாண்களை இடம்மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்த அந்தக் கண்டறிதலே வழிகாட்டியது. விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாததால் படும் தீக்காயமும் வெட்டும் கவனிப்பாரின்றிப் புரையோடியே சிதைகின்றன என்பதையும் அவர் நிறுவினார்.

எந்தக் காரணத்தால் மரத்த கைக்கும் இந்தப் பாடம் பொருந்தும். வெந்நீரின் சூட்டை உணர்வுள்ள மற்றொரு பாகத்தால் தொட்டுப் பார்க்க வேண்டும். அடுப்பிலிருந்து பாத்திரத்தைத் தடித்த துணியால் பிடித்தே இறக்க வேண்டும். கவாத்துக் கத்திக்குத் துணி சுற்றிய தடித்த பிடி நல்லது. வறண்ட தோலை நீரில் ஊறவைத்து எண்ணெய் தடவினால் வெடிப்பு வராது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்கை, விரலிடுக்கு, நகக்கண் என்று பார்த்து, வலிக்காத காயத்தையும் வலிக்கும் காயத்தைப் போலவே கழுவிக் கட்ட வேண்டும். உணர்வு செய்யாத வேலையைக் கண் செய்தால் கை தப்பிக்கும்.