அரிசியைக் கண்ட மாடு ஏன் நிறுத்துவதில்லை?

மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள் கால்நடை மருத்துவர்களுக்கு ஓய்வு இருக்காது. ஆசையாக ஊட்டிய பொங்கல் சோறு, பழம், சில வீடுகளில் கயிறு அவிழ்ந்து நெல் மூட்டையில் வாய் வைத்த ஆடு என்று அடுத்தடுத்து அழைப்பு வரும். 'வைக்கோலை அளவாகத் தின்கிற மாடு, அரிசியை மட்டும் உயிர் போகிற அளவுக்கு ஏன் தின்கிறது? வயிறு நிறைந்தது அதற்குத் தெரியாதா?' என்பது நியாயமான கேள்விதான்.

தெரியும். ஆனால், தாமதமாகத்தான் தெரியும்.

பசியையும் நிறைவையும் கணக்குப் பார்ப்பது மூளையின் அடிப்பகுதியில் உள்ள 'ஹைப்போதலாமஸ்'. வயிறு விரிந்தால் நரம்பு வழியாகச் செய்தி போகிறது. குடலிலிருந்து சில ஹார்மோன்கள் போகின்றன. உடல் கொழுப்பும் 'லெப்டின்' என்ற ஹார்மோனை அனுப்பி, 'கையிருப்பு போதும்' என்கிறது. அமெரிக்காவின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழுவினர் 1994-ல் இதைக் கண்டறிந்தார்கள். லெப்டின் சுரக்காத எலி தின்றுகொண்டே இருக்கும், உருண்டையாகிவிடும்.

இதெல்லாம் பிரேக். மூளையில் ஆக்ஸிலேட்டரும் உண்டு. ருசியான, சத்து மிகுந்த தீனி கிடைத்தால் 'டோபமைன்' சுரந்து, 'இன்னும் தின்' என்று தூண்டும். காட்டில் அப்படிப்பட்ட தீனி அபூர்வம். கிடைத்தபோது வளைத்துத் தின்ற விலங்கே பஞ்சத்தில் பிழைத்தது. நெல் குவியலைக் காடு எங்கே கண்டது?

2010-ல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில், எலிகளுக்குக் கேக், பன்றி இறைச்சி போன்ற கொழுப்புத் தீனியைத் தினமும் வெகுநேரம் வைத்தார்கள். எலிகள் பருத்தன. மின்னதிர்ச்சி வரும் என்பதற்கு அடையாளமான விளக்கு எரிந்தபோதும் வாயை எடுக்கவில்லை. டோபமைனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் அவற்றின் மூளையில் குறைந்திருந்தன. அந்தத் தீனியை நிறுத்தியதும், வழக்கமான தீவனத்தைப் பல நாள்கள் சரியாகத் தொடவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் ஞாபகத்துக்கு வந்தால் நான் பொறுப்பல்ல!

எலிக்குத் தொந்தி போடும். மாட்டுக்கு உயிரே போகும். வைக்கோல் இடத்தை அடைக்கும், மெல்ல நேரம் பிடிக்கும். அதற்குள் பிரேக் வேலை செய்துவிடும். அரிசியோ சிறிய இடத்தில் நிறைய மாவுச்சத்து. மடமடவென்று இறங்கிவிடும். அசையூண் வயிற்றில் அது வேகமாகப் புளித்து லாக்டிக் அமிலமாக மாறுவது பிறகுதான். மாட்டுக்கு வேதனை தெரியும்போது தொட்டி காலியாகி பல மணி நேரம் ஆகியிருக்கும். இதுதான் 'அசிடோசிஸ்' எனும் அமில நோய்.

தீனி எடுக்காமை, அசைபோடாமை, புளித்த வாடையுடன் நீர்த்த சாணம், குழிவிழுந்த கண், தள்ளாட்டம் ஆகியவை அறிகுறிகள். நிறையத் தின்றுவிட்டது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரை அழையுங்கள். என்ன தின்றது, எவ்வளவு, எப்போது என்று சொல்லுங்கள். அதுவரை அரிசி, தவிடு, கஞ்சி எதுவும் வேண்டாம். உலர்ந்த வைக்கோல் போதும். சோடா உப்பு கொடுக்கும் வழக்கம் உண்டு. மாட்டின் எடைக்கு ஏற்ற அளவை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கறவைக்கு அடர்தீவனத்தைக் கூட்ட நினைப்பவர்கள், இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டலாம். வயிற்றிலுள்ள நுண்ணுயிரிகள் பழக அவ்வளவு நாள் வேண்டும். பொங்கலன்று ஊட்டத்தான் வேண்டுமென்றால் ஒரு கைப்பிடி போதும். வீட்டில் நான்கு பேர் இருந்தால், நான்கு பேரும் சேர்ந்து ஒரு கைப்பிடி.