நிலம் வாங்கும் முன் கூடி உட்காருங்கள்

ஓய்வு பெற்ற கையோடு நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒன்பது ஏக்கர் வாங்கினோம். வங்கியில் முப்பது வருடம் பத்திரம் பார்த்த ஆள் என்பதால் மூலப்பத்திரம், வில்லங்கம், பட்டா எல்லாம் நானே சரிபார்த்தேன். ஒரே கிணறு, ஒரே மோட்டார். ஆளுக்கொரு சின்ன வீடு, சேர்ந்து இயற்கை விவசாயம், சேர்ந்து சாப்பாடு என்று கனவு. இரண்டாவது வருடமே உடைந்தது. இன்று தண்ணீர் யார் பாய்ச்சுவது, களையெடுப்புக் கூலி யார் கொடுப்பது, தோட்டத்துப் பக்கமே வராதவருக்கு விளைச்சலில் பங்கு உண்டா? கடைசியில் கல் ஊன்றிப் பிரிச்சுக்கிட்டோம். பத்திரத்தில் ஒரு குறையும் இல்லை.

இப்போது இயற்கை விவசாயத்துக்கு வர நினைக்கும் இளைஞர்கள் கேட்கிறார்கள்: "பத்துக் குடும்பமா சேர்ந்து நிலம் வாங்கி அங்கேயே குடியிருக்கலாம்னு இருக்கோம். சரிப்படுமா ஐயா?" அவர்களுக்கு நான் 'கோஹவுசிங்' கதையைச் சொல்வேன். நாங்கள் எங்கே சறுக்கினோம் என்பது எனக்கே அதைப் படித்த பிறகுதான் விளங்கியது.

இது தொடங்கிய இடம் டென்மார்க். 1964-ல் யான் குட்மண்ட் ஹோயர் என்ற கட்டடக் கலைஞர், அவரவர் வீட்டுக்குள் அடைந்து கிடக்காமல் எப்படி வாழலாம் என்று நண்பர்களோடு பேசத் தொடங்கினார். கோபன்ஹேகன் அருகே நிலம் வாங்கி 12 வீடுகளுக்குத் திட்டமும் போட்டார்கள். அக்கம்பக்கத்தார் எதிர்க்கவே, நிலத்தை விற்க வேண்டியதாயிற்று. நிலம் போனாலும் பேச்சை விடவில்லை. 1968-ல் அவர் அதைக் கட்டுரையாக எழுத, நூறு குடும்பங்களுக்கு மேல் ஆர்வம் காட்டின. 1972-ல் சேட்டடாமன் என்ற இடத்தில் 27 வீடுகளோடு முதல் குடியிருப்பு எழுந்தது. அவரது குழுவின் ஸ்க்ரோபிளானட் 1973-ல் வந்தது. பேசத் தொடங்கி ஒன்பது வருடம்! 1988-ல் மெக்காமன்ட், டியூரெட் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் தம்பதி எழுதிய புத்தகம் வழியாகத்தான் 'கோஹவுசிங்' என்ற ஆங்கிலப் பெயர் பரவியது.

நம்மில் பலர் இதைக் கூட்டுக் குடும்பம் என்றோ ஆசிரமம் என்றோ நினைத்துக்கொள்கிறோம். இரண்டும் இல்லை. வருமானம் அவரவருக்கு. சமையலறையோடு முழு வீடு அவரவருக்கு. நடுவில் ஒரு பொது வீடு. அங்கே பெரிய சமையலறை, சாப்பாட்டுக் கூடம், பிள்ளைகள் விளையாட இடம். வாரத்தில் சில நாள் முறைபோட்டுச் சமைத்து எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். பிடிக்காத அன்று அவரவர் வீட்டிலேயே சாப்பிடலாம், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கார்கள் ஓரத்தோடு சரி. வீடுகள் நடைபாதையைப் பார்த்து இருக்கும். போகும்போதும் வரும்போதும் முகம் பார்க்காமல் முடியாது.

பண்ணை மனை விற்பவர்கள்கூட இப்படி ஒரு பொதுக் கூடம் கட்டித் தந்துவிடலாம். அதனால் அது கோஹவுசிங் ஆகிவிடாது. குடியிருக்கப் போகிறவர்களே ஆரம்பத்திலிருந்து கூடி உட்கார்ந்து திட்டம் போட வேண்டும். குடிவந்த பிறகு பராமரிப்பையும் தாங்களே பார்க்க வேண்டும். தலைவர் என்று ஒருவர் இல்லை. பேசிப் பேசித்தான் முடிவு. அதுதான் இதன் உயிர்நாடி.

விவசாயத்தோடு இதை இணைத்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து இத்தாக்கா நகருக்கு அருகே 175 ஏக்கரில் ஒரு சூழல் கிராமம் இருக்கிறது. 30, 30, 40 என மூன்று தொகுதியாக 100 வீடுகள். வீடுகளை நெருக்கிக் கட்டி, பெரும்பகுதி நிலத்தை வெட்டவெளியாக விட்டார்கள். அங்கே தொடங்கிய இயற்கைக் காய்கறிப் பண்ணையில் எல்லாரும் உழவில்லை. விவசாயம் தெரிந்த குடும்பம் பண்ணையை நடத்தியது. மற்றவர்கள் பருவத் தொடக்கத்திலேயே பணம் கட்டி, வாராவாரம் காய்கறிப் பங்கு வாங்கிக்கொண்டார்கள். நகரத்து மக்களும் அதில் சேர்ந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் பிரித்து வைக்க வேண்டிய வரவு செலவை ஒன்றாக்கினோம்; ஒன்றாகச் செய்ய வேண்டிய பேச்சை ஆளுக்கொரு பக்கம் மனசுக்குள்ளேயே பேசிக்கொண்டோம்.

அதனால் கேட்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: முன்பணம் கொடுக்குமுன் ஒரு வருடம் மாதம் ஒருமுறை கூடுங்கள். உங்களில் ஒருவர் சமைக்க, மற்றவர் பாத்திரம் கழுவுங்கள். ஒரு போகத்துக்குக் குத்தகை நிலம் பிடித்துச் சேர்ந்து பயிர் வைத்துப் பாருங்கள். தண்ணீர் முறை, கூலி, ஒருவர் விலகினால் அவர் பங்கு யாருக்கு, என்ன விலைக்கு? இவற்றைப் பேசி எழுதி வையுங்கள். பேசும்போதே நாலு குடும்பம் கழன்றுகொண்டால் வருத்தப்படாதீர்கள். நிலம் வாங்கிய பிறகு கழன்றால்தான் நஷ்டம்.

எங்கள் ஐந்து பேரில் இரண்டு பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள்.